புரியிற மாதிரி சொன்னவங்க

"உனக்குப் புரியிற மாதிரி சொல்றேன்"னு யாராவது வாயைத் திறந்தா எனக்கு இப்பவும் உள்ளங்கால்ல இருந்து எரிச்சல் ஏறும். போன வாரம் பேங்க்ல ஒருத்தன் அப்படி ஆரம்பிச்சான். "எனக்குப் புரியிற மாதிரி வேண்டாம், இருக்கிறதை இருக்கிறபடி சொல்லு"ன்னு ஹிந்தியில ஒரு போடு போட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். எனக்கு அவன் மேலயா கோபம்? கோபமெல்லாம் செம்பூர்ல இருந்த ஒரு அக்கா மேல. பேரு வேண்டாம். பேரைச் சொன்னா யாராவது போய் அவங்ககிட்ட ஓதுவாங்க, அதுக்கும் அவங்க ஒரு நல்ல விளக்கம் வெச்சிருப்பாங்க.

மும்பையில, செம்பூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. புது மருந்துகளை நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்குற ஆராய்ச்சி அங்க நடந்துச்சு. அந்த ஆராய்ச்சியைப் பத்தி வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கி, அப்புறம் அவங்க ஒழுங்கா வந்து போறாங்களான்னு பாத்துக்கிறது அக்காவோட வேலை. டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. நாப்பது வயசிருக்கும். எப்பவும் கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோள்ல பெரிய ஜோல்னாப் பை. மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து பேசி நான் பாத்ததே இல்ல. நாற்காலியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்து நம்ம முழங்கால் இடிக்கிற மாதிரி உக்காருவாங்க.

எங்க அம்மாவுக்கு முடக்குவாதம். கை விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கிடும். தாராவியில எங்க கல்லியிலயே, அதான் எங்க சந்துலயே, ஒரு சட்டைக் கம்பெனியில பட்டன் தைக்கிற வேலை அவளுக்கு. அப்பா போன பிறகு அந்த விரல்ல தான் வீடு நடந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையில வலி ஒரு கட்டுக்குள்ள இருந்துச்சு, ஊசியில நூல் கோக்குற அளவுக்கு விரல் மடங்குச்சு. பூரணமா தீரலியேன்னு அவளுக்கு ஒரு குறை. செம்பூர்ல புது மருந்து குடுக்காகன்னு யாரோ சொல்ல, என்னையும் இழுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா.

முதல் நாள் நாங்க வெளிய பெஞ்சுல காத்திருந்தோம். அம்மா தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா. எனக்கு முன்னாடி அக்கா கண்ணுல அது பட்டுருச்சு. வந்து, திறந்து, மூடியை லேசா மட்டும் திருகிக் குடுத்துட்டு, "என்ன பெரியம்மா, காலைல எந்திரிக்கும்போது கை விறைச்சிக்கிடுதோ?"ன்னாங்க. சுத்தமான திருநெல்வேலி. அம்மா மூஞ்சியைப் பாக்கணுமே. பக்கத்துல மாட்டுங்கா மாமி ஒருத்தங்க இருந்தாங்க. அவங்ககிட்ட திரும்பி, "மாமி, வெறும் வயித்தோட வரச்சொன்னேனே, காபி குடிச்சுட்டேளா?"ன்னு கேட்டாங்க. அந்தப் பக்கம் கூட்டுற மாவ்ஷிகிட்ட மராத்தியில ஏதோ கிண்டல். அவங்க சொந்தப் பேச்சு எதுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்னைக்கு அது ஒரு பெரிய கெட்டிக்காரத்தனமா தெரிஞ்சுது எனக்கு.

எதைச் சொன்னாலும் நம்ம அடுப்படியில இருந்து ஒண்ணை எடுத்துத்தான் சொல்லுவாங்க. இத்தனை பெரிய உடம்புக்கு இத்தினி ரத்தம் எடுத்து என்னத்தைக் கண்டுபிடிப்பீங்கன்னு அம்மா கேட்டா. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பாப்பீங்களா, பானையைக் கவுத்துப் பாப்பீங்களா?"ன்னாங்க. அம்மா சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிட்டா. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரே கேள்விதான்: "புரியிற மாதிரி சொல்லவா?" இதுக்கு யாரு வேண்டாம்னு சொல்லுவா?

கையெழுத்துப் போட்ட நாள் எனக்கு ஒரு புள்ளி விடாம ஞாபகம் இருக்கு.

"ஃபார்ம் இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் மூணுலயும் இருக்கு. எது வேணும் பெரியம்மா?"

அம்மா நிமிந்து உக்காந்தா. "நாங்க தமிழ் ஆளுகல்லா. தமிழ்லயே குடுங்க."

இத்தனை வருஷ மும்பையில அவகிட்ட அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்ல. ரேஷன் ஆபீஸ்ல மராத்தி, ஸ்டேஷன்ல ஹிந்தி, எல்லா இடத்துலயும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இங்க ஒருத்தி நாற்காலி போட்டு உக்காரவெச்சு உனக்கு எந்த பாஷை வேணும்னு கேக்குறா. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் விரிஞ்சுதான் போச்சு. ஆனா அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் படிச்சது முனிசிபாலிட்டி ஹிந்தி ஸ்கூல்ல. தமிழ் பேசுவேன், சண்டை போடுவேன், வாசிக்க வராது. ஹிந்தியில வாங்கியிருந்தா பத்து நிமிஷத்துல முழுசும் வாசிச்சிருப்பேன். தமிழ்ப் பெருமை பேசி, வீட்டுல ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாத தாளை வாங்கி மடியில வெச்சுக்கிட்டோம்.

"நீ வாசிப்பியாம்மா?"ன்னு அவங்க எங்கிட்ட கேட்டாங்க.

"கொஞ்சம் கொஞ்சம் வரும்க்கா."

பச்சைப் பொய். சினிமா போஸ்டர்ல படத்துப் பேரைக்கூட ஹீரோ மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லுவேன். பத்தொம்பது வயசு, தமிழ் தெரியாதுன்னு ஒரு தமிழ் அக்காகிட்ட சொல்ல வெக்கம். தாளை எங்கிட்ட நீட்டினாங்க. நான் ரெண்டு பக்கம் புரட்டி, தலையை ஆட்டி, திருப்பிக் குடுத்தேன். அவ்வளவு பேருகிட்ட பேசுறவங்களுக்கு என் முழி தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு சின்ன சிரிப்பு சிரிச்சாங்க. "புரியிற மாதிரி சொல்லவா?"

வெளிநாட்டுல கண்டுபிடிச்ச புது மருந்து. பெரிய டாக்டர் ஒருத்தர் தானே பாப்பாரு. ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே எதுக்கும் காசு இல்ல. பழைய மாத்திரையை நிறுத்திட்டுத்தான் இதைத் தொடங்கணும். ஆறு மாசம். அவ்வளவையும் சொல்லிட்டு அம்மா கழுத்துல கிடந்த ஜெபமாலையைப் பாத்தாங்க.

"மாஹிம் சர்ச்சுக்கு ஒம்பது புதன் நேர்ச்சைக்குப் போவீங்கல்லா பெரியம்மா? அஞ்சாவது புதன்ல மழை பெய்யுதுன்னு விட்டுருவீங்களா?"

"அது எப்படி விட? விட்டா முதல்ல இருந்துல்லா தொடங்கணும்."

"இதுவும் அது மாதிரிதான். நடுவுல ஏத்தம் இறக்கம் இருக்கும். வலிக்கத்தான் செய்யும். நேர்ச்சையை முடிச்சாத்தான் பலன். உங்களுக்குன்னு புதன்கிழமையே போட்டிருக்கேன்."

அம்மா கண்ணு கலங்கிருச்சு. புதன்கிழமைன்னா மாதாவே பாத்துச் செஞ்சதுன்னு அவ கணக்கு. கட்டைவிரல் வெச்சா. எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா படிச்ச சாட்சி ஒண்ணு வேணும்னு அக்கா சொன்னாங்க, கடைசிப் பக்கத்துல நான் ஸ்டைலா கையெழுத்துப் போட்டேன். வீட்டுல மிச்சமிருந்த பழைய மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி தன் ஜோல்னாப் பையில வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. எங்களுக்கு ஒரு தாள், அவங்களுக்கு ஒரு தாள். எங்க தாளை அம்மா மாதா படத்துக்குப் பின்னால சொருகி வெச்சா.

முதல் மாசம் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது மாசம் கை வீங்குச்சு. மூணாவது மாசம் ஊசி பிடிக்க முடியல. கம்பெனிக்காரர் நல்ல மனுஷன், சட்டை மடிக்கிற வேலையில போட்டார். நாலாவது மாசம் அதுவும் முடியல. "சேசுவே"ன்னு முனகிக்கிட்டே மாத்திரையை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு ஜெபம் பண்ணி முழுங்குவா. பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. போன் போட்டேன். "அக்கா, போதும்க்கா. அம்மாவால முடியல. நிறுத்திருவோம்."

அந்த ஞாயித்துக்கிழமையே கிளம்பி வந்துட்டாங்க. மழை. எங்க கல்லி எல்லாம் கணுக்கால் தண்ணி. சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கையில சாத்துக்குடிப் பையோட வாசல்ல நின்னாங்க. எங்க வீட்டுல தரையில உக்காந்து மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டாங்க, ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் அம்மா தலையைப் பாத்தாங்க. கையைத் தூக்க முடியாததால ஒரு வாரமா அம்மா தலை சிக்குப் பிடிச்சுக் கிடந்துச்சு. காட்கோபர்ல வேலைக்கு ஓடுற அவசரத்துல நான் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுட்டுப் போயிருவேன். அவங்க எண்ணெயை எடுத்தாங்க. அம்மாவை முன்னாடி உக்காரவெச்சு, ஒவ்வொரு சிக்கா விரலால பிரிச்சு, வாரி, பின்னிவிட்டாங்க. முக்கா மணி நேரம் ஆகியிருக்கும்.

"இன்னும் ரெண்டே மாசம் பெரியம்மா. இப்ப விட்டா அஞ்சாவது புதன்ல விட்ட கதைதான்."

அம்மா அழுதா. "நான் விடமாட்டேன் தாயி. இவ சின்னப் புள்ள, இவளுக்கு என்ன தெரியும்."

நானும் அழுதேன். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்ல. இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பான்னு நினைச்சேன். நிறுத்தச் சொன்னதுக்கு மன்னிப்புகூடக் கேட்டேன், பாருங்க என் லட்சணத்தை!

அந்த வருகைக்கு அப்புறம் அம்மாவுக்கு அவங்க மேல பக்தியே வந்துருச்சு. எதிர்வீட்டு இசக்கி அத்தைக்கும் கை மூட்டு வீங்கும், அவளும் மாத்திரை சாப்பிடுறவதான். அம்மா அவளை உக்காரவெச்சு எடுத்துச் சொன்னதை நான் கேட்டேன். இசக்கி அத்தைக்கு சர்ச்சும் தெரியாது, நேர்ச்சையும் தெரியாது. அம்மா யோசிச்சா. "உங்க ஊர்க் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டுவியல்லா? கட்டிட்டு நடுவுல ஊரைத் தாண்டிப் போவியா? அது மாதிரிதான் இதுவும்." அத்தைக்குச் சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. அடுத்த புதன் அம்மாவே அவளைச் செம்பூருக்குக் கூட்டிட்டுப் போனா.

ஆறு மாசம் முடிஞ்சுது. அம்மா கையைப் படம் பிடிச்சுக்கிட்டாங்க, ஒரு டப்பா இனிப்பு குடுத்தாங்க, இனி உங்க பழைய டாக்டரையே பாருங்கன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா அம்மா கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. இத்தனை மாசம் மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னதுன்னு ஹிந்தியில கேட்டாங்க. புது மருந்து சாப்பிட்டோம்னு சொன்னேன். "மருந்துதான் குடுத்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஃபார்ம்ல என்ன போட்டிருந்தது?" தாள் வீட்டுல இருக்குன்னேன். வலி குறையும், ஆனா கோணின விரல் இனி நேராகாதுன்னு சொல்லிட்டாங்க.

மாதா படத்துக்குப் பின்னால இருந்து அந்தத் தாளை எடுத்தேன். தாராவியில தமிழ் வாசிக்கிற ஆளுக்கா பஞ்சம்? யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. கடைசிப் பக்கத்துல என் கையெழுத்து இருக்கே. வாசிச்சுத்தான போட்டேன்னு கேப்பாங்கல்ல. அதனால ஒண்ணாம் வகுப்புப் புஸ்தகம் ஒண்ணு வாங்கினேன். ட்ரெயின்ல நின்னுக்கிட்டே அ, ஆ படிச்சேன். ஊரெல்லாம் தமிழைப் பாசத்துல படிக்கும், நான் ஆத்திரத்துல படிச்சேன். ஒன்றரை மாசம் ஆச்சு. வாசிக்க வந்த பிறகும் பாதி புரியல. "மருந்துப்போலி"ன்னு ஒரு வார்த்தை. அதை மட்டும் துண்டுத் தாள்ல எழுதி எங்க சர்ச் உபதேசியாருகிட்ட கேட்டேன். "இது என்ன தமிழ்ளா, பைபிள்ல கூட இப்படிக் கிடையாதே"ன்னு முழிச்சார். போன்ல அடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பாக்க மருந்து, உள்ள ஒண்ணுமில்லாத வெறும் மாவு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்துப்போலி, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருந்தது. எங்க அம்மா ஜெபம் பண்ணி முழுங்கினது எதுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

மூணாம் பக்கத்துல இருந்ததுதான் என்னைக் கொன்னுது. எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சேன். "நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல், இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது."

அடுத்த நாளே செம்பூருக்குப் போனேன். என்னைப் பாத்ததும் அக்கா ஓடிவந்து கட்டிக்கிட்டாங்க. "பெரியம்மா எப்படி இருக்காவ?" கேன்டீன்ல உக்காந்தோம். நான் தாளை விரிச்சு அந்த வரியை வாசிச்சேன். அவங்க மூஞ்சி மலர்ந்துச்சு. "அட, தமிழ் வாசிக்கக் கத்துக்கிட்டியா! சபாஷ்!" நிஜமாவே சந்தோஷம், நடிப்பில்ல. அதுதான் எனக்கு இன்னும் விளங்கல. மறுபடியும் அதே வரியை வாசிச்சேன். அப்பதான் சிரிப்பு இறங்குச்சு.

"இதை ஏன்க்கா சொல்லல?"

"நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தா காட்டு, பாப்போம்."

யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட இல்ல. வெளிநாட்டு மருந்து, பெரிய டாக்டர், ஆறு மாசம், எல்லாம் நிஜம். விட்டது ரெண்டே ரெண்டு விஷயம்.

"எல்லாத்தையும் அப்படியே சொன்னா ஒருத்தரும் சேர மாட்டாங்கம்மா. யாரும் சேரலைன்னா எந்த மருந்தும் வெளிய வராது. இப்ப உங்கம்மா சாப்பிடுற பழைய மாத்திரை இருக்கே, அதையும் ஒரு காலத்துல யாரோ முழுங்கிப் பாத்ததுதான்."

அவங்க சொன்னது நிஜந்தானே. "அந்த யாரோகிட்டயாவது சொன்னாங்களாக்கா?"ன்னு மட்டும் கேட்டேன்.

அவங்க டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தாங்க.

"உங்க அம்மாவை இதுல சேத்திருப்பீங்களா?"

"எங்க அம்மா கேள்வி கேட்டிருப்பாங்க"ன்னாங்க, இங்கிலீஷ்ல. எங்கிட்ட அவங்க இங்கிலீஷ் பேசினது அதுதான் முதல் தடவை. அப்புறம் தாளைத் திருப்பி, கடைசிப் பக்கத்துல விரலை வெச்சாங்க. குரலை உயத்தல. "சாட்சிக் கையெழுத்து யாரோடது இது?"

கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். எங்க அம்மா தலையில எண்ணெய் வெச்ச அதே விரல். எழுந்து வந்துட்டேன். பஸ்ல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டே வந்தேன், பக்கத்துல இருந்த பொம்பளை என்ன ஆச்சு மகளேன்னு ஹிந்தியில கேட்டா, ஒண்ணுமில்லன்னேன்.

சாயங்காலம் அம்மாவுக்கு மூணு பக்கத்தையும் வாசிச்சுக் காட்டினேன். மாதிரி கீதிரி ஒண்ணும் சேக்கல. மாவுன்னா மாவுன்னு சொன்னேன். அது அவளை அவ்வளவா அசைக்கல. "சரி, மாதாவுக்குத் தெரியும்"ன்னா. மூணாம் பக்கம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தா.

"திரும்ப வாசி."

வாசிச்சேன்.

"நெனச்ச நேரம் வந்துரலாம்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"மாட்டாங்க."

அம்மா எந்திரிச்சா. "தாளை எடு. இசக்கி இன்னும் அந்த மாத்திரையைத்தான தின்னுக்கிட்டு இருக்கா."

இசக்கி அத்தை வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. மூணு மாசத்துக்கு மேல ஆகியிருந்துச்சு அவளுக்கு. நடுவிரல் ஒண்ணு லேசா கோண ஆரம்பிச்சிருந்துச்சு, கீரைத்தண்டைக் கட்டைவிரலாலதான் ஒடிச்சா. நான் நின்னுக்கிட்டே வாசிச்சேன். அம்மா எனக்குப் பின்னால நின்னா. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அத்தை கீரையை விட்டுத் தலையைத் தூக்கல.

"அந்த செம்பூர்க்காரி நம்மள ஏமாத்திட்டா இசக்கி"ன்னு அம்மா மெதுவா சொன்னா.

"செம்பூர்க்காரி யாரு எனக்கு?"ன்னா அத்தை. கோபமாக்கூட சொல்லல. "அவ சொல்லியா நான் போனேன்? நீ வந்து காப்புக் கட்டுன மாதிரின்னு சொன்ன. நீ சொன்னதுனாலல்லா போனேன்."

அத்தை உள்ள போய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டு மறுபடி கீரைக்கு உக்காந்தா. அம்மா அங்கனயே நின்னா. கோணின விரலை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. நான்தான் தோளைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

நான் பாட்டுக்குக் கத்தினேன். போலீஸுக்குப் போவேன், பேப்பர்ல போடுவேன், அவளை நாறடிச்சுருவேன்னு வாய்க்கு வந்ததெல்லாம் வைதேன். அம்மா கட்டில்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா. நீயும் ரெண்டு வார்த்தை வையேம்மா, உனக்கு வயிறு எரியலியான்னு கேட்டேன்.

"எரியத்தான் செய்யுது. ஆனா வாய் வரலியேட்டி"ன்னா அம்மா. "அவள வைதா என்னையும் சேத்துல்லா வையணும்."